பனையேறிக் கெண்டை உண்மையில் கெண்டைதானா?

கேள்வி: நேற்று மழையில் வரப்போரம் ஒரு பனையேறி கிடந்தது, செவுள் மூடியை விரித்து விரித்து ஊன்றி நகர்ந்தது. தண்ணீர் இல்லாமல் எப்படி உயிரோடு இருக்கிறது? இது நுரையீரல் மீன் வகையா?

பதில் 1: இல்லைங்க. நுரையீரல் மீனின் துடுப்பு அடியில் எலும்போடு சதைப்பற்று இருக்கும். பனையேறியின் முதுகுத் துடுப்பை விரித்துப் பாருங்கள், முள் முள்ளாக நிற்கும், நடுவே மெல்லிய தோல்தான். அதனால் இது கதிர்த்துடுப்பு மீன். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு, காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுப்பது அதுதான். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்!

பதில் 2: பெயரில்தான் கெண்டை. கட்லா, ரோகு இருக்கிற கெண்டைக் குடும்பத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. முன்பு பெர்சிபார்மிஸ் என்ற வரிசையில் (பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவு) வைத்திருந்தார்கள், இப்போது விராலோடு சேர்த்து அனபாண்டிபார்மிஸ் வரிசையில். அதுதான் சரியென்று எனக்கும் படுகிறது, விராலும் காற்றைக் குடிக்கிற மீன்தானே.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்புறம், நிஜமாகவே பனை ஏறுமா?

பதில் 1: தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதிய குறிப்பு 1797-ல் வெளிவந்தது. தரையில் நகர்வதை நீங்களே பார்த்துவிட்டீர்கள், மரம் ஏறுவதை நான் பார்த்ததில்லை.