மாதச் சந்தா கட்டாமல் தமிழ் ஒலிப்புத்தகம் எங்கே எடுக்கலாம்?

ஒட்டுசுட்டான் வாசகி
கண்பார்வை குறைந்த முதியவர் கேட்கிறதுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் வேணும். மாதக்காசு செயலி வேண்டாம், வங்கி அட்டையும் இல்லை. ஆண்ட்ராய்ட் போனில் இறக்கி, மெமரி கார்ட் போடுகிற சின்ன றேடியோவுக்கு மாத்தவேணும். சிக்னல் அடிக்கடி விடும்.

கனகராயன்
தங்கச்சி, முதலில் லிப்ரிவாக்ஸைப் பாருங்கோ. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் 2005 இலிருந்து வாசித்துப் பதிகிற தளம். கணக்குத் திறக்கத் தேவையில்லை. பட்டியலில் மொழியைத் தட்டித் தமிழைத் தெரிவு செய்யுங்கோ. தமிழில் நூல்கள் குறைவு, வாசிப்பும் ஆளுக்காள் மாறும்; ஒரு அத்தியாயம் கேட்டுப்போட்டு மிச்சத்தை இறக்குங்கோ.

பேச்சுக்கு 64 கிலோபிட் ஒலித்தரம் தாராளம். மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி; 128 என்றால் அதின்ர இரண்டு மடங்கு. முழுப் புத்தக ஸிப்பைத் தொடாதேங்கோ. சிக்னல் விட்டால் பலமுறை முதலிலிருந்து தொடங்கும். அத்தியாயம் அத்தியாயமாக எடுத்தால் ஒரு கோப்புத்தான் போகும்.

பாலையடி
ஒலிப்புத்தகமாகத் தேடினால் கெதியாக முடிந்துபோகும். எழுத்தாக இருக்கிறதைப் போனையே வாசிக்க வைக்கலாம். மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலும் நூல்கள் இலவசம். போன் அமைப்புகளில் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் போய், கூகுள் இயந்திரத்தில் தமிழ்க் குரலை ஒருக்கா இறக்கி வையுங்கோ. பிறகு இணையம் வேண்டாம். அட்வாய்ஸ் (@Voice Aloud Reader) போன்ற வாசிப்புச் செயலியில் ஈபப் என்கிற மின்னூல் கோப்பைத் திறந்தால் சரி. வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. உரைநடை நல்லாக வரும். செய்யுளைக் கொலை செய்யும்.

றேடியோவுக்கு என்றால் செயலியில் ஒலிக் கோப்பாகச் சேமிக்கவேணும். அது வேவ் வடிவில் வந்தால் பெரிசு, பல சின்ன றேடியோக்கள் வாசிக்கவும் மாட்டா. கணினியில் ஓடாசிட்டி என்கிற ஒலித்திருத்தும் மென்பொருளில் போட்டு, மோனோ 48 கிலோபிட் எம்பி3 ஆக எடுங்கோ. மணிக்கு 22 எம்பிக்குள் அடங்கும்.

ஒட்டுசுட்டான் வாசகி
நன்றி அண்ணை. நூலகம் (noolaham.org) தளத்தில் இருக்கிற எங்கட ஆட்களின்ர புத்தகங்களை இப்படி வாசிக்க வைக்க ஏலாதோ? ஒரு பிடிஎஃப்பைத் திறந்தால் செயலி சத்தமே போடேல்லை.

பாலையடி
அங்கே பெரும்பாலானவை ஸ்கான் செய்த படங்கள். படத்துக்குள் எழுத்தைச் செயலி காணாது. பிடிஎஃப்பை 2 எம்பிக்கு உட்பட்ட துண்டுகளாக வெட்டி, கணினியில் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸால் திறவுங்கோ. தமிழ் எழுத்தாக மாறிவரும். மங்கின அச்சில் ர, ா இரண்டும் குழம்பும். இரண்டு பத்திப் பக்கங்களில் வரிகள் கலக்கும். ஒருக்கா திருத்தவேணும்.

இன்னொரு வில்லங்கம் பாமினி. எங்கட பக்கத்துப் பழைய கோப்புகள் கனக்க அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்குத் தமிழ், உள்ளுக்கு ஆங்கில எழுத்து. செயலி அதை ஆங்கிலமாகவே உளறும். ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கோ: தமிழாக விழுந்தால் நல்லது, இல்லையென்றால் பாமினி–யூனிகோட் மாற்றியில் போடவேணும்.

சொந்தப் பாவனைக்கு மட்டும் வையுங்கோ. இலங்கையில் காப்புரிமை எழுத்தாளர் இறந்து 70 வருசம் வரை. டெலிகிராம் குழுக்களில் சுத்துகிறதில் பாதி களவு.

முறிகண்டிச் சந்தி
றேடியோ பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. 32 ஜிபி கார்ட் போதும், ஃபாட்32 (FAT32) என்கிற கோப்பு முறையில் ஃபோமட் பண்ணுங்கோ. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபாட் (exFAT) என்கிற வேறு முறையில் வாறதால் சின்ன றேடியோக்கள் பல எடுக்காது. கோப்புப் பெயர்களை 01, 02 என்று மாத்துங்கோ, தமிழ்ப் பெயர் திரையில் கட்டம் கட்டமாய்த்தான் வரும். சில றேடியோ பெயர் ஒழுங்கைப் பார்க்காது, கார்டில் எழுதப்பட்ட ஒழுங்கில்தான் பாடும். அதால ஒரேயடியாக இழுத்துப் போடாமல் 01 இலிருந்து ஒவ்வொன்றாகப் பிரதி பண்ணுங்கோ.