மொலிசேக்கு எந்தக் கையேடு வாங்கலாம்? அவரவர் பட்ட பாடு

இத்தாலி முழுவதற்குமான தடிமனான பயணக் கையேடு ஒன்றைச் சுமந்துகொண்டுதான் நான் அந்நாட்டின் சின்ன மண்டலமான மொலிசேக்குப் போனேன். 900 பக்கத்துக்கு மேல் இருந்த அந்தப் புத்தகத்தில் மொலிசேக்குக் கிடைத்தது மூன்றரைப் பக்கம், அதுவும் பக்கத்து மண்டலமான அப்ரூட்ஸோவின் வாலில். 1963 வரை இரண்டும் ஒரே மண்டலம். பிரிந்த செய்தி கையேடு எழுதுகிறவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போல. 'மொலிசே என்று ஓர் இடமே கிடையாது' என்று இத்தாலியர்களே கிண்டலடிப்பார்கள், அவர்களை என்ன சொல்ல!

மொலிசேயில் செப்பினோ என்ற ஊர் பக்கத்தில் சைப்பினும் என்ற ரோமானிய ஊரின் இடிபாடுகள் இருக்கின்றன. என் புத்தகத்தில் அதற்கு இரண்டு வரி, எப்படிப் போவது என்று ஒரு சொல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மண்டலத் தலைநகர் காம்போபாஸ்ஸோவின் பேருந்து நிலையத்தில் நானும் ஒரு பூனையும்தான். அப்புறம் தங்கியிருந்த வீட்டுக்காரரே காரில் கூட்டிப் போனார்.

அவர் கையில் டூரிங் கிளப் இத்தாலியானோவின் பழைய சிவப்பு அட்டைக் கையேடு. 1894-இல் மிலானில் சைக்கிள்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. பொடி எழுத்து, எல்லாம் இத்தாலிய மொழி. அதைப் புரட்டிப் புரட்டித்தான் அவர் காட்டினார்: ஊருக்கு நடுவே போவது ஆட்டு மந்தைகளின் பாதை, வெளியே புல்வெளியில் அதன் அகலம் 111 மீட்டர். பொயானோ ஊர்ப் பக்கம் திறக்கும் மதில் வாசலில் ஒரு கல்வெட்டு. மந்தை ஓட்டி வருகிறவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அதிகாரிகளுக்கு 2-ஆம் நூற்றாண்டிலேயே விட்ட எச்சரிக்கை! அரங்கின் அரைவட்டத்தை ஒட்டி விவசாயிகள் கட்டிய வீடுகள் இப்போதும் நிற்கின்றன. அந்த இரண்டு வரியை மட்டும் நம்பியிருந்தால் இதையெல்லாம் வெறும் கல் என்று தாண்டியிருப்பேன்.

இப்போது கடையில் கையேட்டை எடுத்தால் முதலில் ஒரு சின்ன ஊரைத் தேடுவேன். கார் இல்லாமல் எப்படிப் போவது, எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று இருக்கிறதா? இல்லையென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, திரும்ப அலமாரிக்கே.

மறுமொழி:
எனக்குப் பழைய புத்தகத்தால் செலவுதான். தெற்கு இத்தாலியின் பசிலிகாட்டா மண்டலத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கையேட்டோடு போனேன். அங்கே மத்தேரா என்ற ஊரின் குகை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி 1952-இல் சட்டம் வந்ததை அது அருமையாகச் சொன்னது. ஊருக்குள் வெளியூர் வண்டி நுழையக் கூடாத பகுதி உண்டு, வாசலில் கேமரா உண்டு என்று மட்டும் சொல்லவில்லை. அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வீடு தேடி வந்தது. வரலாற்றுக்குப் பழசு, போக்குவரத்துக்குப் புதுசு என்று இரண்டு வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் புத்தகமே வேண்டாம், 'பெப்பரோனி குருஸ்கி' என்று கேளுங்கள். காய்ந்த சிவப்பு மிளகாயை எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். நம் மோர்மிளகாய் போலவே நொறுங்கும், காரம் மட்டும் இருக்காது.

மறுமொழி:
அதே டூரிங் கிளப் போடும் 1:2,00,000 அளவு மண்டல வரைபடத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மலைக்குள் போனதும் என் போனில் சிக்னல் போய்விட்டது. காகிதம்தான் ஊர் சேர்த்தது.