மூன்று பச்சை விளக்குகளில் ஒன்று எரியாவிட்டால் எந்த வரிசையில் செயல்பட வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை மாணவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவன் நான். செஸ்னா 172இல் ஒற்றை எஞ்சின் பயிற்சியை முடித்துவிட்டு, விரைவில் பைப்பர் செனிகா 2 என்னும் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு மாற இருக்கிறேன். 172இன் சக்கரங்கள் நிலையாக வெளியே நிற்பவை என்பதால், சக்கரங்களை ஏற்றி இறக்கும் லேண்டிங் கியர் லிவரைத் தொடும் வேலையே எனக்கு இதுவரை இருந்ததில்லை.

டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டத்தில்) லிவரை இறக்கிய பிறகு, ஒவ்வொரு சக்கரமும் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் இரண்டு மட்டும் எரிந்து, இடது சக்கரத்துக்குரிய விளக்கு இருண்டு கிடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? லிவரை ஏற்றி மறுபடி இறக்கிப் பார்க்கச் சொல்கிறார் எனக்கு மூத்த மாணவர் ஒருவர். தாமதிக்காமல், சக்கரங்களை இறக்கும் அவசர நாபை (குமிழை) இழுத்துவிட வேண்டும் என்கிறார் மற்றொருவர். அந்தக் கால் இறங்கவே மறுத்தால், இறங்கிய இரண்டு கால்களோடு தரை தொடுவதா, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வயிற்றால் இறங்குவதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர், சித்தூர் (பாலக்காடு) எழுதியது:

தம்பி, இருவர் சொன்னதையும் சற்று ஒதுக்கி வையுங்கள். முதல் வேலை, சர்க்யூட்டை (ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் வழியை) விட்டு வெளியேறுவது. ஆயிரம் அடி உயரத்தில், அடுத்த திருப்பம் நெருங்கிக்கொண்டிருக்கும்போது, தலையைக் குனிந்து விளக்கை ஆராய்கிறவர் விமானத்தை ஓட்டவில்லை. 1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் விமானம் மயாமிக்கு அருகே சதுப்பு நிலத்தில் விழுந்தது இப்படித்தான்: முன்சக்கர விளக்கின் பல்பு எரிந்துபோயிருந்தது, காக்பிட்டில் இருந்த அனைவரும் அதிலேயே கவனமாக இருக்க, தானியங்கி ஓட்டம் உயரத்தைக் காக்கும் நிலையிலிருந்து விலகியதை ஒருவரும் கவனிக்கவில்லை. சக்கரங்கள் அப்போது இறங்கியேதான் இருந்தன.

ஆகவே கட்டுப்பாட்டு டவரிடம் கியர் விளக்கில் ஐயம் இருப்பதாகச் சொல்லி, வட்டமிட இடமும் உயரமும் கேளுங்கள். கோயம்புத்தூர் பக்கம் பறப்பதானால், சூலூர் விமானப்படைத் தளம் அருகிலேயே இருப்பதால் நம் விருப்பத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ள இயலாது. அவர்கள் காட்டும் இடத்தில்தான் வட்டமிட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று தாழ்ந்த உயரத்தில் விமானத்தை நன்றாகவே உலுக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் இன்னும் ஓராயிரம் அடி கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அவசர நாபை இழுக்கும் முன் வேகத்தை 85 நாட்டுக்குக் (மணிக்கு 85 கடல் மைலுக்குக்) கீழே கொண்டுவரச் சொல்கிறது செனிகா 2இன் கையேடு. அதே விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றால் ஏறுவதற்குரிய நீலக் கோட்டு வேகம் (வேகமானியில் நீலக் கோடாகக் குறித்திருப்பது) 89 நாட். அதாவது, சக்கரத்தை இறக்குவதற்காக நீங்கள் நீலக் கோட்டுக்குக் கீழே பறக்கப் போகிறீர்கள். கீழே போதிய உயரம் இருக்கும்போது மட்டுமே அந்த வேகத்துக்கு வர வேண்டும். நாபை இழுக்கும் அவசரத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

விமானப் பராமரிப்புப் பொறியாளர், வாளையார் எழுதியது:

ஐயா சொன்னதோடு, விளக்கின் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். பகலில் நேவிகேஷன் விளக்கின் சுவிட்சு போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது போட்டிருந்தால் கியர் விளக்குகள் இரவுக்கு ஏற்றபடி மங்கிவிடும். மாலை வெயில் நேராக முகப்பில் விழும்போது மங்கிய பச்சை கண்ணுக்கே தெரியாது. அதை அணைத்த பிறகும் ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், அதைப் பிடுங்கி, எரிகின்ற மற்றொரு விளக்கின் இடத்தில் செருகிப் பாருங்கள். அங்கும் எரியாவிட்டால் குறை பல்பில்தான். அங்கே எரிந்தால், குறை காலில் இருக்கலாம், அல்லது கால் பூட்டிக்கொண்டதை அறிவிக்கும் சுவிட்சில் இருக்கலாம். இவ்விரண்டையும் காக்பிட்டில் உட்கார்ந்தபடி உறுதியாகப் பிரித்தறிய இயலாது. சிவப்பு எச்சரிக்கை விளக்கு அணைந்திருக்கிறதா, த்ராட்டிலைப் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியைப்) பின்னிழுக்கும்போது, கால் பூட்டாததை எச்சரிக்கும் ஹார்ன் ஒலிக்கிறதா என்பவை துணைச் சான்றுகள். இடது எஞ்சின் கூட்டில் உள்ள குவிகண்ணாடி முன்சக்கரத்தைக் காட்டுமே தவிர, உங்கள் கேள்வியிலுள்ள இடது சக்கரத்தைக் காட்டாது.

டவரைக் கடந்து தாழ்வாகப் பறந்து காட்டலாம். ஆனால் அவர்கள் சொல்லக்கூடியது கால் தொங்குகிறது என்பதை மட்டுமே. பூட்டிக்கொண்டதா என்பது தொலைநோக்கியில் தெரியாது.

லிவரை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்குவதை நான் விரும்புவதில்லை. செனிகாவின் கால்களை மேலே பிடித்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம். அவசர நாப் அந்த அழுத்தத்தை விடுவித்துக் கால்களைத் தம் எடையாலேயே விழச் செய்கிறது. எங்கோ சிக்கிய காலை மேலே இழுத்தால், அடுத்த முறை அது இப்போது இறங்கிய அளவுக்குக்கூட இறங்காமல் போகலாம். எனவே சர்க்யூட் பிரேக்கர், மாஸ்டர் சுவிட்சு ஆகியவற்றைச் சரிபார்த்து, வேகத்தைக் குறைத்து, லிவர் கீழே இருக்கும்படி வைத்து நாபை இழுங்கள். அப்போதும் பூட்டவில்லை என்றால், வாலை இடமும் வலமும் மெல்ல அசைப்பது காலைப் பூட்டுக்குள் தள்ளக்கூடும். குறைந்த வேகத்தில் செய்வதால் ரடரை (வாலிலுள்ள திசைமாற்றியை) முரட்டுத்தனமாக மிதிக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை மாணவர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கடைசிக் கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஓய்வுபெற்ற பயிற்றுநர், சித்தூர் (பாலக்காடு) எழுதியது:

முன்சக்கரம் மட்டும் இறங்காவிட்டால் கவலை குறைவு: பின்சக்கரங்களில் இறங்கி, மூக்கை இயன்றவரை தூக்கிப் பிடித்து, பிரேக்கை அழுத்தாமல் ஓட விட வேண்டும். நீங்கள் கேட்டதுபோல் ஒரு பக்கத்துக் கால் மட்டும் வராதபோது விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து ஓடுபாதையை விட்டே சுழன்று வெளியேறக்கூடும். ஆகவே மற்ற கால்களை மேலே ஏற்ற முடிந்தால் ஏற்றிவிட்டு வயிற்றால் இறங்குவதே மேல் என்பது என் கருத்து. முடியாவிட்டால், குறையுள்ள பக்கத்து இறக்கையை எய்லரானால் (இறக்கையின் சாய்வை மாற்றும் அசையும் பகுதியால்) தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பகுதி) குறித்து உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

புல்வெளி மெத்தென்று இருக்கும் என்று எண்ணி அங்கே இறங்காதீர்கள். மென்மையான மண்ணில் விமானம் குத்திக்கொள்ளும், தார்ப் பாதையில் வழுக்கிச் செல்லும். ப்ரொப்பெல்லரைக் காப்பாற்றுவதற்காக ஓடுபாதையை நெருங்கும்போதே எஞ்சின்களை நிறுத்துவோரும் உண்டு. ப்ரொப்பெல்லர் வளைந்தால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும், செலவு பெரிது. அதற்காக இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் ஏறும் வாய்ப்பை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது. செனிகாவில் முன் கதவு வலப்பக்கம், பின் கதவு இடப்பக்கம். யார் எந்தக் கதவால் வெளியேறுவது என்று மேலேயே பேசிக்கொள்ளுங்கள்.

எரிபொருளையும் மறந்துவிடாதீர்கள். 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்டில் யுனைடெட் 173 விமானம் கியர் கோளாற்றைப் பற்றிச் சிந்தித்தபடியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். கையிருப்பு எத்தனை நிமிடம் என்பதை டவரிடம் சொல்லி, எந்த நேரத்தில் இறங்கத் தொடங்குவோம் என்று ஒரு வரம்பை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

விமானப் பராமரிப்புப் பொறியாளர், வாளையார் எழுதியது:

மூன்றும் இறங்கியதுபோலத் தோன்றி, ஐயம் தீராமல் தரை தொட்டிருந்தால், ஓடுபாதையை விட்டு வெளியேற முயலாமல் அங்கேயே நின்றுவிடுங்கள். திருப்பத்தில்தான் பூட்டாத கால் மடங்கும். ஓடுபாதையை அடைத்துவிட்டோமே என்று கூச்சப்பட வேண்டாம். லிவரையும் இழுத்த நாபையும் அப்படியே விட்டுவிட்டு இறங்குங்கள். எந்த விளக்கை எந்த இடத்துக்கு மாற்றினீர்கள் என்பதையும் டெக் லாகில் (விமானத்தின் குறைகளைப் பதியும் ஏட்டில்) எழுதிவையுங்கள். அது தெரியாவிட்டால் நாங்கள் தவறான காலின் சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருப்போம்.