கண்டெய்னர் லோடிங் தாமதமாகி கப்பலைத் தவறவிட்டேன், எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) தேதி 18. என்ன செய்யலாம்?

ஈத்தாமொழி நார்:
எல்லாருக்கும் வணக்கம். ஈத்தாமொழியில் சின்னதாக ஒரு தேங்காய் நார்க்கழிவை அழுத்தி பிளாக் ஆக்கும் யூனிட் வைத்திருக்கிறேன், தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாக ஐரோப்பாவுக்கு இது மூன்றாவது லோடு. திங்கள் காலை வரவேண்டிய காலி பெட்டி மதியம் 2 மணிக்குத்தான் ஆரல்வாய்மொழியைத் தாண்டியது. வந்ததும் உள்ளே ஏறி, கதவை வெளியே இருந்து சாத்தச் சொல்லிப் பார்த்தேன். கும்மிருட்டில் கூரையின் இடது மூலையில் ஊசி நுழையும் அளவுக்கு வெளிச்சம். அதில் மழைத் தண்ணீர் இறங்கினால் பிளாக் ஊதி, சுற்றிய பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடும், அதனால் திருப்பி அனுப்பினேன். மாற்றுப் பெட்டி செவ்வாய் இரவுதான் வந்தது. அதற்குள் லோடிங் ஆட்கள் பாதிப்பேர் போய்விட்டார்கள், இருந்தவர்களை வைத்து 4,800 பிளாக்கையும் அடுக்கி முடிக்கும்போது விடிந்துவிட்டது. கட் ஆஃப், அதாவது பெட்டி துறைமுகத்துக்குள் போய்ச் சேரவேண்டிய கடைசி நேரம், புதன் காலை 6 மணி. பெட்டி இப்போது தூத்துக்குடியில் சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்துக்கு வெளியே பெட்டிகள் நிற்கும் கிடங்கு) நிற்கிறது. அடுத்த கப்பல் 21, எல்சியில் கடைசி ஷிப்மெண்ட் தேதி 18. விலை எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும்வரை என் செலவு, அதற்குமேல் பையருடையது), லைன், அதாவது கப்பல் கம்பெனி, பையர் சொன்னது. தெரிந்தவர் ஒருவர் பிஎல்லில் (சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) 18 என்று தேதி போட்டு வாங்கிவிடலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

தூத்துக்குடி ஃபார்வர்டிங்:
அண்ணே, அந்தத் தேதி யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள், பொய்த் தேதி போட்ட பிஎல் மோசடி. கப்பல் எந்த நாள் எங்கே இருந்தது என்று இன்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், மாட்டினால் பணமும் போகும், பையரும் போவார். இன்றே பையருக்கு எழுதி எல்சியில் திருத்தம் கேளுங்கள். ஷிப்மெண்ட் தேதியோடு எல்சி முடியும் தேதியையும் நீட்டச் சொல்லுங்கள், இதை மறந்து மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேப்பரை வங்கியில் கொடுக்க 21 நாள் இருக்கிறது என்று நினைப்பார்கள், ஆனால் எல்சி அதற்கு முன்பே முடிந்தால் அந்த 21 நாள் உதவாது.

அப்புறம், எல்சியில் ஏற்றும் துறைமுகம் தூத்துக்குடி என்றிருந்தால் இங்கே ஃபீடர் கப்பலில் (கொழும்புவரை கொண்டுபோகும் சிறிய கப்பல்) ஏறிய தேதிதான் கணக்கு, கொழும்பில் பெரிய கப்பலில் ஏறும் தேதி அல்ல. ஆகவே அதே லைனுக்கு 18க்குள் வேறு ஃபீடரில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு லைனுக்கு மாற்றுவது சுலபமில்லை, பெட்டி அவர்களுடையது, இறக்கித் திரும்ப ஏற்றவேண்டி வரும்.

கருங்கல் கேஷ்யூ:
ஓட்டைப் பெட்டியைத் திருப்பி அனுப்பியது சரிதான், அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். ஆனால் அதைத் தொழிற்சாலை வாசலில் பார்த்ததுதான் தாமதத்துக்குக் காரணம். எனக்கும் ஒருமுறை இதே கதைதான், அன்றிலிருந்து காலிப் பெட்டி எடுக்கும் யார்டுக்கே ஒரு ஆளை அனுப்பிக் கதவைச் சாத்திப் பார்க்கச் சொல்கிறேன், அங்கேயே மாற்றினால் ஒரு மணி நேர வேலை. இங்கே வந்தபிறகு என்றால் போக வர ஒரு நாள் போச்சு.

முதல் பெட்டியின் இஐஆர் சீட்டை (பெட்டி கைமாறும்போது அதன் நிலையை எழுதும் சீட்டு) எடுத்துப் பாருங்கள். டிரைவர் சேதம் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் ஓட்டை உங்களிடம்தான் வந்தது என்று வாதாடுவார்கள். போட்டோ எடுத்தீர்களா? எஃப்ஓபி என்பதால் லைனைத் தேர்ந்தெடுத்தது பையர், அவர் லைன் கொடுத்த பெட்டி மோசம் என்று நிரூபித்தால் கிரவுண்ட் ரெண்டை (பெட்டி காத்து நிற்கும் இட வாடகை) அவரிடமே கேட்கலாம். இரவு ஆள் கிடைக்காத தாமதம் மட்டும் உங்கள் கணக்கு, அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஈத்தாமொழி நார்:
நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. போட்டோ இருக்கிறது, உள்ளே இருந்து எடுத்தது, வெளிச்சப் புள்ளியும் பெட்டி எண்ணும் தனித்தனிப் படத்தில். சீட்டில் சேதக் கட்டம் காலியாக இருக்கிறது, டிரைவர் எழுதவில்லை. ஆனால் திருப்பி எடுத்துப்போனபோது யார்டில் 'கூரையில் துளை' என்று எழுதி வாங்கியிருக்கிறார், அந்தச் சீட்டு நாளைக் காலை கைக்கு வரும். பையருக்கு மெயில் போட்டுவிட்டேன், இரண்டு தேதியையும் பத்து நாள் நீட்டக் கேட்டிருக்கிறேன். 17ஆம் தேதி ஒரு ஃபீடர் இருப்பதாக லைனில் சொல்கிறார்கள், இடம் உறுதியா என்று மாலைக்குள் தெரியும்.