வில்லியம் ஹாக்கெட் பற்றிய கட்டுரைக்கு உங்கள் உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். முதல் உலகப் போரில் எதிரி நிலைகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைக்கும் பிரிட்டிஷ் படையின் 254ஆவது சுரங்கப் படைப்பிரிவில் பணியாற்றிய வில்லியம் ஹாக்கெட் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர், நாற்பது வயதைக் கடந்த பிறகே 1915இல் படையில் சேர்ந்தார்.

1916 ஜூன் மாதம் பிரான்சின் ஜிவான்ஷி கிராமத்தருகே ஜெர்மானியர் வைத்த வெடி வெடித்ததில், ஹாக்கெட்டும் வேறு நால்வரும் மண்ணுக்கடியில் சிக்கிக்கொண்டனர். இருபது மணி நேரம் பாடுபட்டுத் திறந்த சிறு துளை வழியே மூவரை வெளியேற்றிய அவர், தானும் எளிதாகத் தப்பியிருக்கலாம் என்ற நிலையிலும், படுகாயமடைந்த நான்காமவரை விட்டுவர மறுத்துவிட்டார். துளை சுருங்கிக்கொண்டே வந்தது. பின்னர் சுரங்கம் முழுவதும் சரிந்தது. மீட்புக் குழுவினர் நான்கு நாட்கள் போராடியும் இருவரையும் எட்ட முடியவில்லை. அவர்கள் இன்றும் அந்த மண்ணுக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்பதை எழுதும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. ஹாக்கெட்டுக்கு, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

லில் நகரிலோ சுற்றுவட்டாரத்திலோ வசிக்கும் உறுப்பினர்கள், ஜிவான்ஷியில் 2010இல் திறக்கப்பட்ட சுரங்கப் படையினர் நினைவிடத்தை, அதிலுள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்ப இயலுமா? பெல்ஜியத்தின் ப்ளூக்ஸ்டீர்ட் நினைவுமண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ள பலகையின் படமும் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

மரச்சட்டத்தில் மல்லாந்து சாய்ந்து, இரு கால்களாலும் மண்வெட்டியை உதைத்துக் களிமண்ணைச் சத்தமின்றிப் பெயர்த்தெடுக்கும் சுரங்கப் படையினரது முறைக்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் ஒன்றையும் தேடுகிறேன். சுரங்கங்களில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் புழங்கும் சொற்களை அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.