மறுமொழி: மூட்டு மாற்றுக்கு முன் எடுத்து வைக்கும் ரத்தம் – பெயர் என்ன?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாகர்கோவிலில் அச்சாகவிருக்கும் நோயாளர் கையேட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் இதற்கான தமிழ்ச் சொல்லைத் தர வேண்டியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு முன்பே நோயாளியின் ரத்தத்தை எடுத்து வைத்து, தேவைப்பட்டால் அவருக்கே ஏற்றும் முறைக்கு இங்கே முன்மொழியப்பட்ட 'தன்குருதிக்கொடை' என்ற பெயரை என்னால் ஏற்க இயலவில்லை. தொல்காப்பியர் தரவையும் வரவையும் (தருதல், வருதல்) தன்மை முன்னிலைகளுக்கு உரியனவாக்கி, செலவையும் கொடையையும் (செல்லுதல், கொடுத்தல்) படர்க்கைக்கு விட்டார்; தனக்கே கொடுத்துக்கொள்வது அவ்வழக்கில் கொடை ஆகாது. இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும். வரைவை வாசித்துக் காட்டியபோது தக்கலைப் பக்கத்து அம்மா ஒருவர், "எனக்க ஆப்பரேசனுக்கு நான் ஆருக்கு ரெத்தம் குடுக்கணும்?" என்று கேட்டார். 'தற்கொடை' என்ற சுருக்கம் இன்னும் தீது. உயிரையே தருவதற்கு வழங்கிவிட்ட அச்சொல், அறுவைக்குக் கையெழுத்திடப் போகிறவர் கண்ணில் படவே கூடாது.

ஆகவே 'தன்ரத்தச் சேமிப்பு' என முன்மொழிகிறேன். குருதி என்றே வைத்தாலும், தன்குருதியா தற்குருதியா என்ற நீண்ட வழக்குக்கு நன்னூலே முடிவு சொல்லியிருக்கிறது: வல்லினத்தின் முன் 'தன்' உறழும், அதாவது 'தன்' என்றும் நிற்கும், 'தற்' என்றும் திரியும்; இரண்டும் சரி. குழித்துறை நண்பர் சொன்ன 'சோரி' என்ற ரத்தத்துக்கான பழஞ்சொல் கம்பனிலும் உண்டு, மலையாளத்தின் 'சோர'யோடும் உறவுடையது. ஆயினும் படிவத்துக்கு உதவாது.

'சேமிப்பு' என்றால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்று எண்ணிவிடுவார்கள் என்ற மறுப்பில் மட்டும் வலு இருக்கிறது. வழக்கமான காப்புக் கரைசலில் அந்த ரத்தம் 35 நாள்களே தாங்கும். கடைசியாக எடுப்பது அறுவைக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தவரிடம் எடுப்பதில்லை. பயன்படாமல் மிஞ்சினால் பிறருக்கு ஏற்றாமல் அழித்துவிடுவார்கள். இவற்றைச் சொல்லின் மேல் ஏற்றாமல், அதன் கீழேயே இரண்டு வரியில் எழுதிவிடலாம். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து வந்தபின் அருகிவரும் முறைக்குப் பெயர் எதற்கு என்கிறார் மருத்துவ நண்பர். முன்கூட்டி எடுப்பதே சோகையை உண்டாக்கும் என்ற அவர் கூற்றும் உண்மையே. ஆனால் பொருந்தும் ரத்தம் எளிதில் கிடைக்காத அரிய வகையினருக்கு இம்முறை இன்றும் தேவைப்படுகிறது. அவர்களும் தமிழில் படித்தறிந்துதான் ஒப்ப வேண்டும்.

'ரத்தம்' வடசொல், 'குருதி'யே வேண்டும் என்று நம் உரையாடலில் உள்ள ஐயா ஒருவர் இன்னும் உறுதியாக நிற்கிறார். பெரும்பாலோர் 'தன்குருதிச் சேமிப்பு' என்று இசைந்தால் நான் தடுக்கமாட்டேன், எனினும் என் வாக்கு ரத்தத்துக்கே. 'கொடை' மட்டும் அச்சுக்குப் போக வேண்டாம்.