சிறுவயதுப் புத்தகங்களை மறுவாசிப்புக்கு எடுத்தால் தாள் கழன்று வருகிறது, எப்படிச் சரிசெய்வது?

தாள்வாசி:
மறுவாசிப்புக்கு எடுத்து வைத்திருப்பவை மூன்று வகை. நடுவில் பின் அடித்த படக்கதைகள்: பின் துருவேறி நடுத்தாள் கழன்றுவிட்டது. முதுகில் பசை மட்டும் போட்ட நாவல்கள்: திறந்தாலே தாள் தாளாக வருகிறது. கெட்டி அட்டைக் கதைத் தொகுப்பு ஒன்று: பூச்சி அரித்திருக்கிறது. பிள்ளைகளும் எடுத்துப் புரட்ட வேண்டும். செல்லோடேப் ஒட்டலாமா?

அச்சுமை:
செல்லோடேப் ஒரு துண்டுகூட வேண்டாம். நாளாக ஆக மேலே உள்ள பிளாஸ்டிக் உரிந்து விழும், பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நின்றுவிடும்.

முதலில் தாளில் வலு இருக்கிறதா பாருங்கள். எழுத்தில்லாத மூலையின் நுனியை மட்டும் முன்னும் பின்னுமாக மெல்ல மடியுங்கள். ஓரிரு மடிப்பிலேயே முறிந்தால் அதைத் தைக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. நூல் தாளை அறுத்துவிடும். பசை இறுகிய விளிம்பையொட்டித் தாள் ஒடியும். அந்தப் புத்தகத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி; படம் நிறைய இருந்தால் 400) ஸ்கேன் செய்து, பிள்ளைகளுக்கு அச்செடுத்துக் கொடுங்கள். மூலப் பிரதியை அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கைவாட்டில் வையுங்கள்.

மலிவுத் தாளில் மரத்தின் லிக்னின் (மர இழைகளைப் பிணைக்கும் பொருள்) நீக்கப்படாமலே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுப்பாகும். தாளில் சேரும் அமிலம் இழைகளைத் துண்டாக்கும். இந்தச் சிதைவைத் தள்ளிப்போடலாம், தாளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

முதுகுநூல்:
படக்கதைகளைக் காப்பாற்றுவது எளிது, தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் இரு கால்களையும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்துங்கள். பிறகு முதுகுப் பக்கமாக இழுத்தெடுங்கள். உள்ளிருந்து பிடுங்கினால் துருவோடு தாளும் பிய்ந்து வரும். துருப்பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள், ஈரம் படக்கூடாது.

திரும்பவும் பின் அடிக்காமல் பருத்தி நூலால் தையுங்கள். பழைய துளைகளுக்கு நடுவே ஒரு துளை புதிதாகப் போடுங்கள். நூல் புத்தக உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் உள்ளே, அங்கிருந்து நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரு நுனிகளும் நீளத் தையலின் இருபுறமும் வரவேண்டும், அதன் மேல் முடிச்சு. இறுக்கும்போது நூலை மடிப்புக்கோட்டின் போக்கிலேயே இழுங்கள். தூக்கி இழுத்தால் துளை கிழியும், பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்.

மடிப்பே கிழிந்து இரண்டு தாளாகியிருந்தால், 1 செ.மீ. அகல ஜப்பானிய மெல்லிழைத் தாளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டிச் சேர்த்த பிறகே தையல்.

பைண்டர்:
நாவல்களில் முதுகுப் பசை காய்ந்து நொறுங்கியிருக்கும். பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். தாள்களை வரிசை பிசகாமல் அடுக்கி, முதுகு மேலே இருக்கும்படி இரு பலகைகளுக்கிடையே பிடியுங்கள். அடுக்கை ஒரு பக்கம் சாய்த்தால் ஒவ்வொரு தாளும் இம்மியளவு விரியும். அப்போது பிவிஏ பசை (பைண்டிங்குக்கான வெள்ளைப் பசை) ஒரு பூச்சு, மறுபக்கம் சாய்த்து இன்னொன்று. மேலே மெல்லிய வலைத்துணி ஒட்டி, 24 மணி நேரம் பளுவில் வையுங்கள். நீர்த்த பசை தாள்களுக்கிடையே வழிந்து பக்கங்களை ஒட்டவைத்துவிடும். தடித்துப் பூசினால் புத்தகம் விரியாது.

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலந்த மைதா பசை மட்டும் வேண்டவே வேண்டாம். பூச்சிக்காகச் சேர்ப்பதுதான், ஆனால் அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பொருளில் இருக்கக்கூடாது. அதிலுள்ள செம்பு தாள் சிதைவதையும் துரிதப்படுத்தும்.

தாள்வாசி:
நன்றி. பூச்சி அரித்த தொகுப்பை ஃப்ரீஸரில் வைக்கலாம் என்கிறார்களே?

அச்சுமை:
வைக்கலாம். முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள். மேலாகச் சுரண்டியிருந்தால் ராமபாணம் (வெள்ளிப்பூச்சி), அதைக் கட்டுப்படுத்த ஈரத்தைக் குறைத்தாலே போதும். அலமாரியில் ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். வட்டத் துளையும் புதுப் பொடியும் தெரிந்தால் வண்டின் புழு உள்ளே இருக்கிறது, அதற்குத்தான் ஃப்ரீஸர். பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, -18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். 24 மணி நேரம் பை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் நீர் படியும். ஐஸ் கட்டி வைக்கும் சிறு அறைகள் பல அந்தக் குளிருக்குப் போவதில்லை, உள்ளே வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை இந்தத் தொகுப்பை மற்றப் புத்தகங்களோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.